ஞாயிறு ஆராதனை முடிந்து, திங்கள் காலை முதல்

கேள்வி இதுதான்: "ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறேன். பிரசங்கம் கேட்கும்போது உள்ளம் உருகுகிறது. திங்கட்கிழமை பஸ் ஏறியதும் எல்லாம் கரைந்துபோகிறது. புத்தாண்டு இரவு ஆராதனையில் எடுக்கிற தீர்மானம் ஜனவரியைத் தாண்டுவதே இல்லை. வேதவாசிப்பு, குடும்ப ஜெபம், காணிக்கை, வேலை என்று அன்றாடத்தில் விசுவாசத்தை வாழ்வதற்கு நடைமுறையில் என்ன செய்ய வேண்டும்?"

பெரும்பாலும் குறை உங்கள் பக்தியில் இல்லை, அளவில் இருக்கிறது. ஆலயத்தில் மனம் கனிந்திருக்கும்போது, "காலை நாலு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபிப்பேன்" என்று பொருத்தனை செய்துவிடுகிறோம். செவ்வாய்க்கிழமைக்கு அந்த ஒரு மணி நேரத்தைத் தாங்கும் வலு கிடையாது. அளவைக் குறையுங்கள், நேரத்தை உறுதியாகக் கட்டிக்கொள்ளுங்கள், வாசித்த வசனம் அன்று இரவுக்குள் ஏதாவது ஒரு செயலில் போய்ச் சேர வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்த மூன்றின் விரிவுதான்.

முதலில் வேதவாசிப்பு, ஏனென்றால் முதலில் உடைவதும் அதுதான். வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். ஒரே வருடத்தில் முடிக்க வேண்டுமானால் நாளுக்கு மூன்றேகால் அதிகாரம் வரும். ஜனவரி 1-ஆம் தேதி ஆதியாகமத்தில் தொடங்குபவர் எங்கே நிற்பார் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆதியாகமம் கதையாக ஓடும். யாத்திராகமத்தில் எகிப்து, செங்கடல் வரை குறையில்லை. 23-ஆம் தேதி வாக்கில் யாத்திராகமம் 25 வரும்; இஸ்ரவேலர் வனாந்தரத்தில் ஆராதித்த ஆசரிப்புக் கூடாரத்தின் பலகை, கொளுவி, திரைச்சீலை அளவுகள் தொடங்கும். 28-ஆம் தேதி லேவியராகமம். ஒரு நாள் காய்ச்சல், ஒரு நாள் கலியாணம் என்று இரண்டு நாள் விட்டால் ஆறு ஏழு அதிகாரம் பாக்கி சேர்ந்துவிடும். அந்தப் பாக்கி கடன்போல நெஞ்சில் உட்காரும். கடன்காரர் வீட்டுத் தெருவைத் தவிர்ப்பதுபோல வேதாகமம் இருக்கும் மேசையையே தவிர்க்க ஆரம்பித்துவிடுவோம். தீர்மானம் சாகிற இடம் இதுதான்.

புதிதாகத் தொடங்குபவருக்குப் புதிய ஏற்பாடு போதும். அதில் 260 அதிகாரங்கள். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒரு அதிகாரம் என்றால் சரியாக 52 வாரம். சனி, ஞாயிறு இரண்டும் விட்டதைப் பிடிக்க. விடவில்லையென்றால் சங்கீதம் வாசிக்க. மாற்கிலிருந்து தொடங்குங்கள். 16 அதிகாரம்தான்; காட்சிகள் வேகமாக நகரும். ஓர் அதிகாரத்தைச் சத்தமாக வாசிக்க ஐந்து நிமிடம் ஆகும். லூக்கா 1 (80 வசனம்), மத்தேயு 26 (75 வசனம்) போன்ற நீளமானவற்றை இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளலாம். யாரும் கணக்குக் கேட்கப்போவதில்லை. லேவியராகமத்தை வாசிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. எபிரெயருக்கு எழுதின நிருபத்தை முடித்த பிறகு லேவியராகமத்துக்குப் போனால் பலியும் ஆசாரியரும் எதற்கென்று விளங்கும். அப்போது அந்த 27 அதிகாரமும் கனமாகத் தெரியாது.

மொழி இன்னொரு தடை. நம் வீடுகளில் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பு 1871-இல் வெளிவந்தது. அதன் ஓசை நயத்துக்காகவே அதை விட மனம் வராது. மனப்பாடம் செய்ய அதைப்போல் வேறில்லை. ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு "ஆயக்காரன்" என்றால் வரி வசூலிப்பவர் என்று தெரியாது. "உக்கிராணக்காரன்" என்பது பெரியவர்களுக்கே தடுக்கும். அதனால் அன்றைய பகுதியைப் பழைய மொழிபெயர்ப்பில் ஒருமுறை, 1995-இல் வந்த திருவிவிலியத்திலோ வேறு எளிய மொழிபெயர்ப்பிலோ ஒருமுறை வாசியுங்கள். கூடுதலாக ஐந்து நிமிடம்தான் ஆகும். புரியாமல் கடந்துபோகிற சொல் செயலாக மாறாது.

வாசித்த பிறகு என்ன ஜெபிப்பது? இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. 1535-இல் பீட்டர் என்ற நாவிதர், "எப்படி ஜெபிப்பது?" என்று ஜெர்மன் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரிடம் கேட்டார். அவருக்காக லூதர் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றையும் நான்கு இழையாகப் பின்னச் சொல்கிறார்: இது எனக்கு என்ன கற்பிக்கிறது, இதற்காக எதை நினைத்து நன்றி சொல்ல வேண்டும், இதில் நான் எதை அறிக்கையிட வேண்டும், இதற்காக என்ன கேட்க வேண்டும். எந்த வசனத்துக்கும் இது பொருந்தும்.

லேவியராகமம் 19:13-ஐ எடுத்துக்கொள்வோம்: "கூலிக்காரனுடைய வேலையின் கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது." கற்பிப்பது: கூலியைத் தாமதிப்பதும் திருட்டின் பக்கத்தில் வருகிறது. நன்றி: என் சம்பளம் தேதி தவறாமல் வருகிறது. அறிக்கை: வீட்டுவேலை செய்யும் அக்காவிடம் "சில்லறை இல்ல, நாளைக்கு வாங்கிக்கோங்க" என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். வேண்டுதல்: அவர் வீட்டுத் தேவை எனக்கு உறைக்கட்டும். நாலுக்கும் சேர்த்து நாலு நிமிடம். ஜெபம் முடிந்ததும் மேசை டிராயரைத் திறந்து அவருக்குக் கொடுக்க வேண்டியதை எண்ணி ஒரு கவரில் போட்டு வைத்தால் அன்றைய வாசிப்பு முழுமையடைந்துவிட்டது. சம்பளத் தேதியை நினைவில் வைத்துக்கொள்வதும் ஆராதனையின் ஒரு பகுதிதான்.

அதே கடிதத்தில் லூதர் அந்த நாவிதரின் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் எடுக்கிறார். நல்ல நாவிதர் கண்ணையும் கவனத்தையும் கத்தியிலும் முடியிலும் வைத்திருப்பார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேறெங்காவது பார்த்தால் வாடிக்கையாளரின் மூக்கையோ கழுத்தையோ அறுத்துவிடுவார். கைப்பேசியில் வேதாகமம் வாசிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மூன்றாம் வசனத்தில் ஒரு வாட்ஸ்அப் செய்தி மேலிருந்து எட்டிப்பார்த்தால் போதும், அன்றைய தியானம் முடிந்தது. ஏரோபிளேன் மோடில் போடுங்கள், அல்லது அச்சுப் புத்தகத்தையே எடுங்கள். "இன்னும் கொஞ்ச நேரத்தில் ஜெபிக்கலாம், முதலில் இந்த வேலையை முடித்துவிடுகிறேன்" என்ற எண்ணத்தை நம்பாதே என்றும் லூதர் சொல்கிறார். சுமார் 500 ஆண்டுக்குப் பிறகும் அந்த எண்ணம் அப்படியேதான் நம்மிடம் வருகிறது.

நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டுவதைவிட, ஏற்கெனவே தவறாமல் செய்கிற ஒரு காரியத்தோடு கட்டுங்கள். பல் துலக்கிய பிறகு, காப்பிக்கு முன். குக்கர் வைத்துவிட்டு மூன்று விசில் வரும்வரை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததும். ஷிப்ட் வேலை செய்யும் நர்ஸுகளுக்கும் டிரைவர்களுக்கும் "காலை ஐந்து மணி" என்ற விதி பொருந்தவே பொருந்தாது. ஆனால் டியூட்டி முடிந்து உடை மாற்றியதும் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால் எந்த ஷிப்ட்டிலும் நிற்கும். கத்தோலிக்க ஊர்களில் காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு என்று கோயில் மணி அடித்தால் கைவேலையை அப்படியே நிறுத்திவிட்டு மூவேளை செபம் சொல்வார்கள். நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் பாரத்தை மணி தாங்கிக்கொள்கிறது. "அந்திசந்தி மத்தியான வேளைகளிலும் நான் தியானம்பண்ணி முறையிடுவேன்" என்று 55-ஆம் சங்கீதம் சொல்கிற முறை அது. மணி கேட்காத ஊரில் இருப்பவர் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் கணத்தை மணியாக வைத்துக்கொள்ளலாம்.

இடையில் ஒரு வாக்கிய ஜெபமும் உண்டு. நெகேமியா 2:4-ஐப் பாருங்கள். நெகேமியா பாரசீக ராஜாவின் அரண்மனையில் வேலை செய்தவர். "நீ கேட்கிற காரியம் என்ன?" என்று ராஜா கேட்கிறார். அந்தக் கேள்விக்கும் நெகேமியாவின் பதிலுக்கும் நடுவே ஒரு ஜெபம் இருக்கிறது. மூச்சு இழுத்து விடும் நேரம்தான் அவருக்குக் கிடைத்தது. மேலதிகாரி கத்தும்போதும், பிள்ளை மதிப்பெண் அட்டையை நீட்டும்போதும் நமக்குக் கிடைப்பதும் அவ்வளவுதான். ஆனால் நெகேமியா அதற்கு முன் பல நாள் உபவாசித்து ஜெபித்திருந்தார் என்பதை முதல் அதிகாரம் சொல்லுகிறது. காலை ஜெபம் இல்லாதவருக்கு அந்தக் கண நேர ஜெபம் வாயில் வராது, கோபம்தான் வரும்.

இனி குடும்ப ஜெபம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் விசுவாசத்தை நேசிப்பதும் வெறுப்பதும் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. மொத்தம் பதினைந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. ஒரு பாமாலையோ கீர்த்தனையோ இரண்டு சரணம், மூன்று நிமிடம். பத்துப் பன்னிரண்டு வசனம் வாசிக்க மூன்று நிமிடம். அதைப் பற்றி ஒரே ஒரு கேள்வியும் பேச்சும், மூன்று நிமிடம். ஜெபம் ஐந்து நிமிடம். கடைசியில் எல்லோரும் சேர்ந்து பரமண்டல ஜெபம். இரவுச் சாப்பாட்டுக்கு முன்பு வைப்பது நல்லது. சாப்பிட்ட பிறகு வைத்தால் சின்னவன் சுவரில் சாய்ந்து தூங்கிவிடுவான், பெரியவர்களுக்கும் கண் சொக்கும். பாயை விரித்து எல்லோரும் ஒரே மட்டத்தில் உட்காருவது நாற்காலியில் ஆளுக்கொரு பக்கம் உட்காருவதைவிட நன்றாக இருக்கும். வாசிப்பதைச் சுற்றில் விடுங்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைக்கு இரண்டு வசனம் போதும், திருத்தாமல் காத்திருங்கள்.

இங்கே வழக்கமாக நடக்கிற ஒரு தவறு, ஜெபம் மறைமுகப் பிரசங்கமாக மாறுவது. கண்ணை மூடிக்கொண்டு அப்பா ஜெபிக்கிறார்: "ஆண்டவரே, இந்தப் பையன் போனை எடுத்தா கீழ வைக்க மாட்டேங்கிறான், அவனுக்குப் புத்தி குடும்." பையன் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். அப்பா தன் பெயரில் சொல்லத் துணியாததைக் கடவுள் பெயரில் சொன்னார் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். பதினாறு வயதில் "படிக்கணும்" என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிற பிள்ளைகளில் பலர் இந்த ஜெபத்திலிருந்துதான் தப்பிக்கிறார்கள். ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: அறையில் இருக்கிறவருக்காக ஜெபிக்கும்போது நன்றியும் வேண்டுதலும் மட்டும், குறை சொல்லக் கூடாது. குறை சொல்ல வேண்டியது என்னுடையதாக இருந்தால் மட்டும் சொல்லலாம். "காலையில் கோபத்தில் கத்திவிட்டேன், மன்னியும்" என்று அப்பா ஜெபித்தால் அதற்கு எந்தப் பிரசங்கமும் ஈடாகாது.

வேற்று மதத்து விருந்தாளி வீட்டில் இருந்தால் ஜெபத்தை நிறுத்தவும் வேண்டாம், அவரைப் பிடித்து உட்கார வைக்கவும் வேண்டாம். "பத்து நிமிஷம் ஜெபம் பண்ணிட்டு வந்துடுறோம், விருப்பம்னா இருங்க, இல்லன்னா டீ குடிச்சுக்கிட்டிருங்க" என்று சொன்னால் அவருக்கும் சங்கடம் இருக்காது. கணவரோ மனைவியோ விசுவாசத்தில் இல்லாத வீட்டில் குடும்ப ஜெபத்தைச் சண்டையாக்காதீர்கள். படுக்கும்போது பிள்ளையின் நெற்றியில் கை வைத்துச் சொல்லும் ஒரு வரி ஜெபத்தை யாரும் தடுக்கமாட்டார்கள். "வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும்" என்று உபாகமம் 6 அடுக்குகிற நாலு சமயங்களில் ஒன்றாவது எந்த வீட்டிலும் கிடைக்கும்.

பிறருக்காக ஜெபிக்க ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து பெயருக்கு மேல் எழுதாதீர்கள். திங்கள் வீட்டார், செவ்வாய் உறவுக்காரர், புதன் வேலை இடம் என்று பிரித்தால் வாரத்தில் முப்பது பேர் வந்துவிடுவார்கள். தேதி போடுங்கள், பதில் வந்தால் அந்தத் தேதியும் போடுங்கள். ஒரு வருடம் கழித்து அந்த நோட்டைப் புரட்டினால், கேட்டதையே மறந்துவிட்ட பல காரியங்கள் நடந்திருப்பது தெரியும். நடக்காதவையும் தெரியும், அவற்றையும் அடிக்காமல் விட்டு வையுங்கள். "உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்று யாரிடமாவது சொன்னால், அங்கேயே நின்று ஒரு நிமிடம் ஜெபித்துவிடுவது நல்லது. முடியாவிட்டால் நோட்டில் ஏற்றும்வரை அந்த வாக்கு பாக்கியில் இருக்கிறது.

நாக்கைப் பற்றி இங்கேதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் சபை மக்கள் மத்தியில் புறங்கூறுதல் ஜெப உடுப்பு போட்டுக்கொண்டுதான் வருகிறது. "ஜெபத்துக்காகத்தான் சொல்றேன், வெளியில சொல்லாதீங்க" என்று ஆரம்பிக்கிற பேச்சு, மூன்றாவது வீட்டைத் தாண்டும்போது ஒரு குடும்பத்தின் மானத்தை எடுத்துவிட்டிருக்கும். இப்போது ஜெபக்குழு வாட்ஸ்அப்பில் அது ஒரே நொடியில் இருநூறு பேருக்குப் போகிறது. சம்பந்தப்பட்டவரிடம், "இதை ஜெபக்குழுவில் சொல்லலாமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சரி என்றாலும், ஜெபிக்கத் தேவையான அளவு மட்டும் சொல்லுங்கள். "ஒரு குடும்பத்தின் சமாதானத்துக்காக" என்றால் போதும். யாருடைய மகள், எந்த ஊர்ப் பையன் என்ற விவரம் கடவுளுக்கு ஏற்கெனவே தெரியும். "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்" என்ற 141-ஆம் சங்கீதத்தின் வரியைப் போனில் குழுவைத் திறப்பதற்கு முன் ஒருமுறை சொல்லிக்கொள்ளலாம்.

பணத்துக்கு வருவோம். முன்னே சொன்ன "உக்கிராணக்காரன்" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். கலியாண வீட்டில் அரிசி, பருப்பு, எண்ணெய், தேங்காய் வைத்திருக்கிற அறைக்கு உக்கிராணம் என்று பெயர். அந்த அறையின் சாவியை வைத்திருக்கிறவர் சமையல்காரர் கேட்பதை அளந்து கொடுப்பார், கணக்கு எழுதுவார்; அரிசி அவருடையது இல்லை. நம் சம்பளத்தை அப்படிப் பார்க்கச் சொல்கிறது வேதம். அப்படிப் பார்த்தால் காணிக்கை என்பது மீந்ததிலிருந்து எடுத்துக் கொடுப்பதாக இருக்க முடியாது. சம்பளம் ஏறிய அன்றே முதலில் எடுத்து வைப்பதுதான் முறை. 1 கொரிந்தியர் 16:2-இல் வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கதாகச் சேர்த்து வைக்கும்படி பவுல் சொல்வதும் இதுதான்.

தசமபாகத்தை மொத்தச் சம்பளத்தில் கணக்கிடுவதா, பிடித்தம் போகக் கைக்கு வருவதில் கணக்கிடுவதா என்று வருடக்கணக்கில் விவாதிப்பவர்கள் உண்டு. ஒருமுறை முடிவு செய்துவிட்டு விவாதத்தை நிறுத்துங்கள். இதுவரை ஒன்றும் ஒழுங்காகக் கொடுக்காதவர் திடீரென்று பத்து சதவீதத்துக்குப் போனால் மூன்றாம் மாதம் நின்றுவிடும். 25,000 ரூபாய் வாங்குபவர் மூன்று சதவீதத்தில், 750 ரூபாயில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு சதவீதம் உயர்த்தினால் ஏழு வருடத்தில் பத்தை எட்டுவார். வட்டிக் கடனில் இருப்பவர் அசலைக் கட்டாமல் மேடையில் பெரிய காணிக்கை வைப்பது சரியில்லை. "துன்மார்க்கன் கடன் வாங்கிச் செலுத்தாமற்போகிறான்" என்று 37-ஆம் சங்கீதம் சொல்கிறது. "கொடு, நூறத்தனையாகத் திரும்பும்" என்று சொல்லிக் கேட்கிறவர்களுக்கு, எவ்வளவு பெரிய ஊழியராக இருந்தாலும், கொடுக்காதீர்கள். அது விசுவாசத்தின் பெயரில் ஓட்டும் சீட்டு.

கையில் பணமே புழங்காத வீட்டுக்கும் ஒரு வழி உண்டு: கைப்பிடி அரிசி. ஒவ்வொரு வேளையும் உலை வைப்பதற்கு முன் அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுவார்கள். மிசோரத்தில் 1910-இல் தொடங்கிய இதே வழக்கம் இன்றும் அங்குள்ள சபைகளின் வருமானத்தில் ஒரு தூணாக நிற்கிறது. ஒரு கைப்பிடி சுமார் 40 கிராம் என்று வைத்துக்கொண்டால் இரண்டு வேளைக்கு மாதம் 2.4 கிலோ சேரும். இதில் தவறு நடக்கும் இடங்கள் உண்டு. அரிசியைக் களைந்த பிறகு எடுத்தால் ஈரம் பட்டுப் பூசணம் பிடிக்கும். களைவதற்கு முன்பே எடுக்க வேண்டும். டப்பாவில் இரண்டு காய்ந்த மிளகாயோ வேப்பிலையோ போடாவிட்டால் வண்டு வரும். மாதம் ஒருமுறை கொடுத்துவிட வேண்டும், சேர்த்து வைக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட, வீட்டில் பொன்னி சாப்பிட்டுக்கொண்டு டப்பாவில் ரேஷன் அரிசியைப் போடக் கூடாது. நாம் உண்பதையே போட வேண்டும். அந்தக் கைப்பிடியை எடுக்கும் நேரத்தில் யாருக்காக என்று பெயர் சொல்லி எடுத்தால் அது ஜெபமும் ஆகிறது.

வேலை இடத்தில் மேசைமீது வசன காலண்டர் வைப்பதைவிட, வருகைப் பதிவேட்டில் உண்மையில் வந்த நேரத்தை எழுதுவது பெரிய சாட்சி. கடைக்காரருக்கு அது தராசு, தையற்காரருக்குச் சொன்ன தேதி, ஆசிரியருக்குத் திருத்திய விடைத்தாள். கடினமானது லஞ்சம். பட்டா மாறுதலோ சான்றிதழோ கேட்டுப் போகும்போது, ஆவணங்கள் அரைகுறையாக இருந்தால் நம்மை வளைப்பது எளிது. ஆகவே எல்லா நகல்களையும் இரண்டு பிரதி எடுத்து, இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தாமதமானால் 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தில் மனுவின் நிலையைக் கேளுங்கள். 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் சட்டப்படி குற்றவாளி. கட்டாயத்தால் கொடுக்க நேர்ந்தால் ஏழு நாளுக்குள் புகார் தர வேண்டும். இந்த வழியில் காரியம் தாமதமாகத்தான் நடக்கும், அலைச்சலும் அதிகம். அந்த அலைச்சலைச் சிலுவையின் பங்கு என்று ஏற்றுக்கொள்ளாமல் இந்த இடத்தில் விசுவாசத்தைப் பற்றிப் பேச முடியாது.

சாதியைச் சொல்லாமல் தமிழ்க் கிறிஸ்தவரின் அன்றாடத்தைப் பேசினால் அது பாதிதான். 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று உத்தரவிட்டார். தஞ்சாவூரில் அதை ஏற்காமல் சபையை விட்டு விலகியவர்கள் உண்டு. கிட்டத்தட்ட இருநூறு ஆண்டு ஆகியும் "கிறிஸ்தவ மணமகள் தேவை" என்று தொடங்குகிற விளம்பரம் அடுத்த வரியில் சாதிப் பெயருக்கு வந்துவிடுகிறது. ஒரே பாத்திரத்தில் இராப்போஜனம் அருந்திவிட்டு, வேலைக்கு வருகிறவருக்குத் தனி டம்ளர் வைக்கிற வீடு எத்தனை வேதபாடம் நடத்தினாலும் பயனில்லை. இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று: அந்தத் தனி டம்ளரை மற்ற டம்ளர்களோடு அலமாரியில் கலந்துவிடுங்கள், அவரையும் உட்கார வைத்துக் காப்பி கொடுங்கள். பிள்ளையின் கலியாணப் பேச்சு வரும்போது இது இன்னும் கனமாகும். அதற்குப் பல வருடம் முன்பே கணவனும் மனைவியும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்க வேண்டும். வரன் வந்த பிறகு உறவுக்காரர்கள்தான் பேசுவார்கள்.

மன்னிப்புக் கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. மத்தேயு 5:23, 24-இல் காணிக்கையைப் பலிபீடத்தருகே வைத்துவிட்டுப் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்கிறார் இயேசு. நேரில் போங்கள், தனியாகப் போங்கள். செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள்: "பங்குச் சண்டையில் உங்களைத் திருடன்னு சொன்னேன், அது தப்பு." "மனசு புண்பட்டிருந்தா மன்னிச்சிருங்க" என்று சொன்னால் அந்த "இருந்தா" என்ற சொல் எல்லாவற்றையும் கெடுத்துவிடும், புண்பட்டது அவர் குற்றம் என்றாகிவிடும். "ஆனா நீங்களும்..." என்று தொடரவே கூடாது. பொருள் எடுத்திருந்தால் பொருளோடு போங்கள். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பக் கொடுக்கிறேன் என்றான் ஆயக்காரன் சகேயு. உடனே கைகொடுப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். அவருக்கு நேரம் வேண்டும். "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்பதைக் கணவன் மனைவி எழுத்துப்படியே எடுத்துக்கொள்ளலாம்: விளக்கை அணைப்பதற்கு முன் ஒரு வார்த்தையாவது பேசிவிட வேண்டும்.

ஆனால் ஒன்று. அடி உதை நடக்கிற வீட்டில், "மன்னித்துவிட்டுத் திரும்பிப் போ, ஜெபித்துக்கொண்டே இரு" என்று ஒரு பெண்ணிடம் சொல்வது பாவம். மன்னிப்பது வேறு, அடி வாங்கத் திரும்புவது வேறு. பெண்கள் உதவி எண் 181-ஐ அவரிடம் கொடுப்பதும், கூடப்போய் நிற்பதும்தான் அந்த நேரத்து விசுவாசச் செயல்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் (தவக்காலத்தில்) உபவாசம் இருப்பவர்கள், தவிர்த்த உணவின் விலையை ஓர் உண்டியலில் போட்டு வாருங்கள். ஏசாயா 58 கேட்கிற உபவாசம் பசித்தவனுக்கு அப்பம் பகிர்கிறது. சர்க்கரை நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி இருக்கக் கூடாது, மாத்திரையை நிறுத்தவே கூடாது.

ஜெபம் வறண்டுபோகிற காலம் எல்லோருக்கும் வரும். சாவு வீட்டுக்குப் பிறகு, வேலை போன பிறகு, சில சமயம் காரணமே இல்லாமல். அப்போது சொந்த வார்த்தையைத் தேடி அலையாமல் சங்கீதத்தைக் கடன் வாங்குங்கள். நாளுக்கு ஐந்து என்றால் 150 சங்கீதமும் முப்பது நாளில் முடியும். அது அதிகமென்றால் 42-ஐயும் 88-ஐயும் மட்டும் மாறி மாறி வாசியுங்கள். 88-ஆம் சங்கீதம் ஆறுதலில் முடிவதில்லை, இருளில் முடிகிறது. அப்படி ஒரு ஜெபமும் வேதாகமத்துக்குள் இருக்க அனுமதிக்கப்பட்டிருக்கிறது. அழ வேண்டியவர் அதைப் பிடித்துக்கொண்டு அழலாம்.

இரவில் படுக்கையில் உட்கார்ந்து மூன்று கேள்வி போதும்: இன்று கடவுளுடைய தயவை எங்கே பார்த்தேன், யாரிடம் தவறினேன், நாளை முதலில் யாரிடம் போக வேண்டும். மூன்றாவதன் பதிலை நோட்டில் எழுதிவிட்டுத் தூங்குங்கள்.

கடைசியாக, விட்டுப்போனால் என்ன செய்வது? விட்டுப்போகும். பத்து நாள் விட்டிருந்தால் பத்து அதிகாரத்தையும் ஒரே இரவில் வாசித்துக் கடனை அடைக்கப் பார்க்காதீர்கள். அந்தப் பத்தையும் அப்படியே விட்டுவிட்டு இன்றைய பகுதியிலிருந்து வாசியுங்கள். எங்கே நிறுத்தினோம் என்பதே மறந்துபோயிருந்தால் நீதிமொழிகளைத் திறந்துகொள்ளுங்கள். அதில் 31 அதிகாரம் இருக்கிறது. தேதி எதுவோ அந்த அதிகாரம். நாளை 15-ஆம் தேதி என்றால் நீதிமொழிகள் 15, அதன் முதல் வசனம், "மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும்." காலையில் வீட்டில் யார் முதலில் உங்கள்மேல் எரிந்து விழுவார் என்று உங்களுக்கே தெரியும். அவரிடம் போய் அதைத் தொடங்குங்கள்.